ஆண் குளம்

ஆனி பிறந்ததிலிருந்து பொன்னுவேல் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு குளத்துக்கரையில் நடந்தபடியே சாப்பிட்டான். டீக்கடைக்குப் போனால் பாதி டீயிலேயே எழுந்துவிடுவான். தெற்கே மலைமேல் மேகம் இறங்கினால் மழை முந்திக்கொள்ளுமோ என்று பதறுவான். மேகம் கலைந்தால் மழையே இல்லாமல் போகுமோ என்று பதறுவான். பாலசமுத்திரத்துக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறவனிடம் என்ன பேசுவது என்று அவனைப் பார்த்ததும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அவன் பண்ணை அணைக்குப் போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. கட்லாவும் ரோகுவும் குஞ்சு பொரிக்க வைத்து, ஏரிக் குத்தகைக்காரர்களுக்குக் கொடுக்கிற தொழில். மாசியிலேயே பெரிய மீன்களைப் பிரித்துப் பெண்மீன்களை ஒரு குளத்திலும் ஆண்மீன்களை இன்னொரு குளத்திலும் விட்டுவிடுவார்கள். ஆனி, ஆடியில் தண்ணீர் குளிர்ந்ததும் இரண்டையும் பிடித்து ஊசி போட்டு, வட்டமான சிமெண்டுத் தொட்டியில் ஒன்றாக விட்டுத் தண்ணீரைச் சுழல விடுவார்கள். ஆற்றில் புதுவெள்ளம் வந்துவிட்டது என்று மீனை ஏமாற்றுகிற வேலைதான். விடிந்து பார்த்தால் தொட்டி நிறைய முட்டை கிடக்கும். கருப்பிடித்த முட்டை வெந்த ஜவ்வரிசிபோலக் கண்ணாடியாக இருக்கும். பிடிக்காதது வேகாத ஜவ்வரிசிபோல வெளுத்துக் கிடக்கும். அதை வாளியில் அள்ளித் தென்னைக்குத்தான் போட வேண்டும்.

போன வருசம் முக்கால்வாசி தென்னைக்குத்தான் போயிற்று. ஒட்டன்சத்திரத்து ஆட்கள், உடுமலை ஆட்கள் எல்லாம் வேறு பண்ணையைப் பார்த்துப் போய்விட்டார்கள். இந்த வருசமும் அப்படியென்றால் பண்ணையைத் தூர்த்துத் தென்னை வைக்க வேண்டியதுதான் என்று அவனே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

நடுவில் மீன் வளர்ப்புப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தான். மீன் நன்றாகச் சினைப்பிடிக்கத் தீவனத்தில் மூலிகைப் பொடி கலக்கலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு, பூனைக்காலி விதை என்று பெயர்களும் சொன்னார்கள். பொன்னுவேல் அதுவரை கேட்டான். அப்புறம் வெளியே எழுந்து வந்து, வேலையாள் முருகவேலுக்குப் போன் போட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா, நாய் உள்ளே வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். உள்ளே மீதிப் பாடம் நடந்து முடிந்தது. முருகவேல் அவனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கேயும் பொன்னுவேல் இப்படித்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

இந்த வருசம் மாசி முடிவில் மூலிகை மூட்டை வந்தது. பொன்னுவேலின் மனைவி தமயந்திக்குப் பிறந்த ஊர் தாண்டிக்குடி. அவள் தம்பி ஜெயமுருகன் மலையிலிருந்து கிழங்கையும் காயையும் கட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு பாச்சலூர் வழியாக இறங்கினான்.

"மச்சான், அந்தச் சின்னச் சாக்கத் தொட்ராதீங்க. அது பூனைக்காலி. காய்மேல இருக்குற சொனை பட்டுச்சுன்னா…"

அவன் சொல்லி முடிப்பதற்குள் பொன்னுவேல் சாக்கை அவிழ்த்து ஒரு கை அள்ளியிருந்தான். அப்புறம் நடந்ததை முருகவேல் பாலசமுத்திரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். பொன்னுவேல் கையைச் சொறிந்தான், கழுத்தைச் சொறிந்தான், வாய்க்காலில் குதித்தான், ஏறி வந்து மறுபடி சொறிந்தான். கடைசியில் தமயந்தி சாணியைக் கரைத்து இரண்டு கையிலும் அப்பிவிட்டாள்.

"ஒரு வார்த்தை முழுசாக் கேட்டா என்னவாம்?" என்றாள்.

"நீ வெரசாத் தடவு. எரியுது."

"எரியட்டும். அப்பயாவது சித்த நேரம் நிப்பீங்க."

பொடி செய்தது எல்லாம் அவள்தான். கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு காயை நெருப்பில் வாட்டிச் சொனையைப் பொசுக்கினாள். விதையை எடுத்து ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் வேகவைத்துத் தோலை உரித்தாள். கிழங்கைச் சீவி நடுநரம்பை உருவிப் போட்டு, மொட்டை மாடியில் கோழி வராமல் காவல் காத்துக் காயவைத்தாள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஊறிய குண்டாவில் பொடியைத் தூவி, சோளமாவுக் கஞ்சி ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்தாள். ஓட்டை போட்ட பையில் உருண்டைகளைக் கட்டிக் குளத்தில் கம்பு நட்டுத் தொங்கவிட்டால் மீன்கள் வந்து முட்டி முட்டித் தின்னும்.

முதல் நாள் இரண்டு குண்டா பிசையப்போனவளைப் பொன்னுவேல் தடுத்தான்.

"பொடி பெண் குளத்துக்கு மட்டும் போதும். ஆண் குளத்துக்கு வெறும் தவிடு போடு."

"அதுக்கு வேணாமா?"

"ஆம்பள மீனுக்கு எதுக்கு மருந்து? அதுக்கு என்ன கொறை? முட்டை போடுறது பொம்பள மீனுதான?"

தமயந்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று முருகவேல்கூட நினைத்தான். அவள் குனிந்து மறுபடி பிசையத் தொடங்கினாள்.

அவள் சொல்லாமல் விட்டது அவனுக்குத் தெரியாததல்ல. கல்யாணமாகி வருசங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் அவள் போய்வந்தாள். ஊசி, மாத்திரை, ஸ்கேன், வயிற்றில் துளை போட்டு ஒரு பரிசோதனை. எல்லாம் பார்த்துவிட்டு அந்தம்மா இவளிடம் கோளாறு ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்காரரையும் கூட்டி வாங்க என்றார். ஒவ்வொரு தடவையும் பொன்னுவேல் வாசல்வரை கூடப் போனான். அதற்குமேல் கால் வராது. எதிரே ஒரு பரோட்டாக் கடை. அங்கே நின்று பரோட்டா தின்று, டீ குடித்து, மறுபடி பரோட்டா தின்று அவள் வரும்வரை பொழுதை ஓட்டுவான். டாக்டரம்மா வரச்சொன்னதைத் தமயந்தி சொன்னபோதெல்லாம் "சோலி கெடக்கு, பாப்போம்" என்றான். பயம் என்று சொல்வதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. ஆனால் பயம்தான்.

அவனுடைய அக்கா ஜோதிமணி பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தாள். அம்மா இறந்தபின் தம்பி வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். தம்பியைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. அதனால் மிச்சமிருந்த சந்தேகம் முழுவதும் தமயந்தி தலையில் விழுந்தது.

ஆனிக் கடைசியில் சாரல் விழுந்து காற்று குளிர்ந்தது. பொன்னுவேல் மீனைப் பிடித்து ஊசி போட்டான். பெண்மீன் ஒவ்வொன்றும் வயிறு பருத்துக் கையில் கனத்தது. ஆண்மீன்களின் அடிவயிற்றை, விந்து வருகிறதா என்று ஒப்புக்கு அமுக்கிப் பார்த்தான். அரிசி கழுவின தண்ணீர்போல ஏதோ வந்தது. வந்தால் சரி என்று தொட்டியில் விட்டான்.

விடியலில் முருகவேல் கத்தினான். "ஏலே பொன்னு, வந்து பாருலே. தொட்டி கொள்ளாத முட்டை!"

உண்மைதான். அத்தனை முட்டை அந்தத் தொட்டி கண்டதில்லை. பொன்னுவேல் சந்தோசத்தில் கரையை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தான். வெயில் ஏற ஏற முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. மத்தியானத்துக்குள் தொட்டி முழுக்க வேகாத ஜவ்வரிசி. நாற்றம் கிளம்பியது. வாளியில் அள்ளி அள்ளித் தென்னைக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜோதிமணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

"தீவனம் பெசைஞ்சது யாரு?"

"நாந்தான் மதினி" என்றாள் தமயந்தி.

"அதான். நான் மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுற ஆளு இல்ல. சினையாகப்போற உசுருக்குத் தீனி வைக்கிற கையி, பெத்து எடுத்த கையா இருக்கணும். வெறுங்கை வெச்சா எது வெளங்கும்? இனிமே பெண் குளத்துப் பக்கம் நீ போகாத. நான் வந்து பெசைஞ்சுக்கிறேன்."

தமயந்தி பொன்னுவேலைப் பார்த்தாள். முருகவேலும் பார்த்தான். தென்னைக்கடியில் வாளியோடு நின்ற பொன்னுவேல் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் வாளியைக் கழுவப் போய்விட்டான். வாளி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று தமயந்தி சமைத்தாள், பரிமாறினாள். கொள்ளு ரசமும் சோளச்சோறும். அவன் தட்டோடு எழுந்து கரைக்கு நடக்கப்போனபோது பின்னாலிருந்து சொன்னாள்:

"ஆடி கழியட்டும். பொரிஞ்சாலும் பொரியலைன்னாலும் நான் தாண்டிக்குடிக்குப் போறேன். ஜெயமுருகன்கிட்டச் சொல்லிட்டேன்."

"போயிட்டு எப்ப வருவ?"

"அதச் சொல்லத் தெரியல."

பொன்னுவேலுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை நாயிடம் வைத்துவிட்டுக் கரையைச் சுற்றினான். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்றே நினைப்பு ஓடியது. அதையாவது அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுற்றினான்.

ஆடி முழுக்கக் காற்று. மலையிலிருந்து இறங்குகிற காற்று தென்னோலையைப் பிய்த்துக் குளத்தில் போட்டது. தகரக் கொட்டகை ராத்திரி பகலாகத் தடதடத்தது. ஜோதிமணி தினமும் ஆட்டோவில் வந்தாள். பெண் குளத்துக் குண்டாவில் திருநீற்றைப் போட்டு, முருகனைக் கூப்பிட்டு, தமயந்தி இடித்துவைத்த அதே பொடியைப் போட்டுப் பிசைந்தாள். இடிப்பதற்கும் சலிப்பதற்கும் மட்டும் வெறுங்கை ஆகும்போலிருக்கிறது. அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

தமயந்திக்கு ஆண் குளம் மிச்சமானது. அதில் யாருக்கும் அக்கறை இல்லை, தவிட்டைக் கொட்டினால் போதும் என்று விட்டிருந்தார்கள். அவள் வெள்ளனே எழுந்து இன்னொரு குண்டாவை வைத்துக்கொண்டு, கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து, பொடியைத் தூவிப் பிசைந்து உருண்டை பிடித்து ஆண் குளத்தில் தொங்கவிட்டாள். ஒளித்துச் செய்யவில்லை. முருகவேல் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னக்கா, இதுகளுக்கும் மருந்தா? பொன்னு வேணாம்னுல்ல சொன்னான்?"

"அவரு வேணாம்னாரு. மீனு வேணாம்னுச்சா? தின்னுதா இல்லையா பாரு."

தின்றன. பையை முட்டித் தள்ளித் தின்றன.

"முட்டை எல்லாம் நெறயத்தான கெடந்துச்சு முருகவேலு" என்றாள் அவள், பையின் கயிற்றை இழுத்துக் கட்டியபடி. "நெறய இருந்தும் வெளுத்துப்போச்சுன்னா கொறை முட்டையிலயா? ஒரு பக்கத்தையே எம்புட்டு நாளைக்குக் கிண்டிக்கிட்டு இருக்குறது?"

முருகவேல் தலையைச் சொறிந்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இந்தப் பேச்சில் எதைச் சொன்னாலும் தப்பாகும் என்று தோன்றியதால் மோட்டாரைப் பார்க்கப் போனான்.

ஆடி முடிகிற வாரத்தில் வானம் மூடிக்கொண்டது. இந்த வருசத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று பொன்னுவேல் வலையை இறக்கினான். பெண்மீன்களுக்கு ஊசி போட்டாயிற்று. சாயங்காலம் ஆண் குளத்தில் வலை இழுத்தார்கள். முதல் மீனைத் துணியில் பிடித்து அடிவயிற்றை லேசாகத் தடவினான் பொன்னுவேல். அமுக்கக்கூட இல்லை. கறந்த சீம்பால்போலக் கெட்டியாக அவன் விரலில் வழிந்தது.

கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த மீனை எடுத்தான். அதுவும் அப்படியே. செதிள் மினுமினுப்பு வேறு. ஆனியில் தன் கையில் வழிந்த அந்தக் கழுநீர் அவனுக்கு ஞாபகம் வந்தது. பார்த்தும் பார்க்காமல் விட்டது ஞாபகம் வந்தது.

"ஏலே முருகவேலு. ஆண் குளத்துக்கு என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடல. எல்லாம் அக்காதான்."

"என்ன போட்டா?"

"பெண் குளத்துக்கு என்ன போட்டியோ அதேதான். வாசல்லதான ஒக்காந்து பெசைஞ்சாங்க. தெனம் அந்த வழியாத்தான நீ பத்துத் தடவ போன. நின்னு பாத்தாத்தான?"

பொன்னுவேல் ஆண்மீன்களுக்கும் ஊசி போட்டான். தொட்டியில் மீனை விட்டான், தண்ணீரைத் திறந்தான். அதன்பிறகு அவன் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். முன்னைவிட அதிகமாக நடந்தான். ஆனால் குளத்தைச் சுற்றி இல்லை. வீட்டு வாசலுக்கு வருவான், உள்ளே தமயந்தி துணிமணியை எடுத்துப் பையில் அடுக்குவதைப் பார்ப்பான், கொட்டகைக்குத் திரும்புவான், மறுபடி வாசலுக்கு வருவான்.

விடியலில் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். வெயில் ஏறியது. முட்டை வெளுக்கவில்லை. கண்ணாடியாக உருண்டுகொண்டே இருந்தது. பொன்னுவேல் ஒரு கோப்பையில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். ஒவ்வொரு மணியின் நடுவிலும் பொட்டுப்போல உயிர் தெரிந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முருகவேல் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

ஜோதிமணி வந்தாள். தட்டில் தேங்காய், பழம், சூடம். தொட்டிக்குச் சூடம் காட்டிவிட்டுத் தம்பி நெற்றியில் திருநீறு வைத்தாள்.

"பாத்தியாலே பொன்னு? கை மாறுச்சு, பலிச்சிருச்சு. நான் சொன்னப்ப மூஞ்சியத் தூக்குனவுக எங்க?"

தமயந்தி கொட்டகை வாசலில் பையோடு நின்றிருந்தாள். ரோட்டில் ஜெயமுருகனின் ஜீப் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா" என்றான் பொன்னுவேல்.

"என்ன இல்ல?"

"பெண் குளத்துக்கு மாசியில இருந்து ஒரே பொடிதான். அவ பெசைஞ்சப்பவும் அதுதான், நீ பெசைஞ்சப்பவும் அதுதான். அன்னைக்கும் முட்டை நெறயத்தான் கெடந்துச்சு. பெண்மீனு மேல கொறையே இல்ல. கொறை ஆண் குளத்துல இருந்துச்சு. நான் ஆம்பள மீனுக்கு என்ன மருந்துன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுக்கு வைத்தியம் பாத்தது தமயந்தி. அந்தக் கைதான்."

ஜோதிமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "மீனுக்குச் சொல்றத மனுசனுக்கு முடிச்சுப் போட்டுப் பேசாதலே."

"நீதானக்கா மொதல்ல போட்ட. இந்தத் தொட்டிகிட்ட நின்னுதான் போட்ட. நான் வாளியத் தூக்கிட்டுப் போயிட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

சூடம் அணைந்துபோயிருந்தது. ஜோதிமணி தட்டைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிடு என்று முருகவேலிடம் சொன்னாள். போகும்போது தமயந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றாள், என்னமோ சொல்ல வாயெடுத்தாள், சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

பொன்னுவேல் ஜீப்வரைக்கும் தமயந்தியின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருக்கையில் வைத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

"டாக்டரம்மா என்னைய வரச்சொன்னாங்கன்னு சொன்னியே…"

"எத்தன தடவ சொன்னேன்."

"இப்பப் போனா பாப்பாங்களா?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"பயம் புள்ள. எங்கிட்டத்தான் கொறைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல."

"எனக்குப் பயமில்லைன்னு நெனச்சீங்களா?" என்றாள் தமயந்தி. "அந்த மேசையில ஒத்தையில படுத்துக் கெடந்தப்ப எனக்குப் பயமில்லைன்னு நெனச்சீங்களா?"

அவன் பையிலிருந்து கையை எடுத்தான். ஜெயமுருகன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஜீப் நகர்ந்தது. பத்தடி போய் நின்றது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"திங்கக்கிழமை நான் வத்தலக்குண்டு வழியா திண்டுக்கல் வந்திருவேன். நீங்க வெள்ளனே கெளம்பி வாங்க. பரோட்டாக் கடையில நிக்காதீங்க. நேரா உள்ள வாங்க."

திங்கட்கிழமை திண்டுக்கல்லில் தூறிக்கொண்டிருந்தது. பரோட்டாக் கடைக்காரர் கல்லில் எண்ணெய் விட்டபடி, "வாங்கண்ணே, ஆளையே காணோம்?" என்று கூப்பிட்டார். பொன்னுவேல் கையை மட்டும் ஆட்டிவிட்டு ரோட்டைத் தாண்டினான். வாசற்படியில் கால் ஒரு தடவை நின்றது. பின்னால் வந்தவர் குடையை மடக்கிக்கொண்டு முதுகில் இடித்தார். உள்ளே போய்விட்டான்.

பெஞ்சில் தமயந்தி இருந்தாள். மடியில் மலையிலிருந்து கொண்டுவந்த பை. அவளைச் சுற்றிப் பெண்களாகவே உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் பெயர் எழுதுகிற பெண் தலையைத் தூக்காமல் தமயந்தியைப் பார்த்து, "உங்க பேரு சொல்லும்மா" என்றாள்.

"பொன்னுவேல்" என்றான் அவன். "பாலசமுத்திரம். பாக்க வேண்டியது எனக்குங்க."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டான். பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் திரும்பினார்கள். எழுதுகிற பெண்ணும் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

"கூப்பிடுவாங்க. நேரமாகும். உக்காருங்க."

தமயந்தி பையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். பொன்னுவேல் உட்கார்ந்தான்.